உள்ளூர் கேபிளில் வேட்பாளர் விளம்பரம்: கட்டணம், சான்றிதழ், கணக்கு - ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வேட்பாளரின் 20 வினாடி விளம்பரத்துக்குக் கேபிள் சேனல் எவ்வளவு கேட்கலாம்? நம் நாட்டில் இதற்கு உச்சவரம்பு வைத்த சட்டம் எதுவும் இல்லை. சோப்பு விளம்பரத்துக்கு 100 ரூபாய் வாங்கும் சேனல் வேட்பாளரிடம் 300 கேட்டாலும், ஒரு வேட்பாளருக்கு 100, எதிராளிக்கு 300 என்று சொன்னாலும், அந்த விலையைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் தேர்தல் நடத்தும் அலுவலருக்குக் கிடையாது.

அமெரிக்காவில் அப்படியொரு உச்சவரம்பு இருக்கிறது. 1934-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 315-ஆவது பிரிவில், 1971-இல் இயற்றிய தேர்தல் பிரச்சாரச் சட்டத்தின் வழியாக ஒரு விதியைச் சேர்த்தார்கள். கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலுக்கு முந்தைய 45 நாளும், பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளும், வானொலியும் தொலைக்காட்சியும் வேட்பாளரிடம் தங்கள் மிகக் குறைந்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அதே வகை ஸ்பாட் (சில வினாடி ஓடும் விளம்பரம்), அதே நீளம், அதே நேரப்பகுதிக்கு எந்த வணிக விளம்பரதாரருக்கு ஆகக் குறைவாகக் கொடுத்தார்களோ, அந்த விலை. மொத்தமாக வாங்கியவருக்குத் தந்த தள்ளுபடியும், இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த போனஸ் ஸ்பாட்டும் அந்தக் கணக்கில் வரும். விளம்பரத்தில் வேட்பாளரின் குரலோ முகமோ இருக்க வேண்டும். அவருக்காக வேறு அமைப்புகள் கொடுக்கும் விளம்பரத்துக்குச் சலுகை இல்லை.

நம் சட்டம் விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரின் பையைக் கட்டுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 77-ஆவது பிரிவும், தேர்தல் நடத்தை விதிகள் 1961-இன் 90-ஆவது விதியும் வேட்பாளரின் மொத்தச் செலவுக்கு வரம்பு வைக்கின்றன. 2022 ஜனவரியில் உயர்த்தியபடி தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம். விளம்பரத்துக்கென்று தனி வரம்பு இல்லை. பணக்கார வேட்பாளர் வரம்பு வரை போவார். சொந்தக் காசில் நிற்கும் சுயேச்சைக்குச் சேனல் சொல்லும் விலைதான் உண்மையான வரம்பு. கட்டணத்துக்கும் நியாயமான விதி வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அது வரும்வரை, இருக்கிற சட்டத்துக்குள் கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்க ஒரு வழி உண்டு: ஒரு ஸ்பாட்டுக்கு என்ன விலை என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கி, அதே எண்ணை, விளம்பரம் ஓடும் முன் வாங்க வேண்டிய சான்றிதழின் விண்ணப்பம், பில், வங்கிப் பதிவு, இறுதிக் கணக்கு ஆகிய நான்கு இடத்திலும் மாறாமல் கொண்டுபோவது.

எந்தச் சேனல், எந்த நேரம்

பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலிகளைக் கேட்கவே கேட்காதீர்கள். அரசியல் சார்ந்த எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது அவற்றின் உரிம நிபந்தனை. ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் 1998 முதல் இலவசப் பிரச்சார நேரம் உண்டு, ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும். மதுரைத் தனியார் எஃப்எம்மில் கொடுக்கும் காசின் பெரும்பகுதி வேறு தொகுதிக்காரர்கள் காதில் போய்விழும். ஆகவே ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி, தொண்டி பக்கத்து வேட்பாளருக்கு மிஞ்சுவது உள்ளூர் கேபிள் சேனல்தான். அங்கே விற்கும் சரக்கு மூன்று வகை: முழுத்திரை ஸ்பாட், அடியில் ஓடும் ஸ்க்ரோலிங், பொதுக்கூட்ட நேரலை. நேரலைக்கு வாங்கும் பணமும் விளம்பரச் செலவுதான். செய்தி என்று பெயர் வைத்தால் மாறிவிடாது.

நேரத்தைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றை வெளியூர் ஏஜென்சி தவறவிடும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரைக்கு வரும். அந்த மூன்று இரவும் எட்டு மணி பிரைம் டைம் விலை கொடுத்து மீனவரிடம் பேச நினைப்பது வீண். அவர்களுக்கான ஸ்பாட்டை மற்ற நாள்களுக்கு மாற்றுங்கள், அல்லது அந்த இரவுகளுக்கு வீட்டுப் பெண்களிடம் பேசும் ஸ்பாட்டைக் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், ஏப்ரல் நடுவில் வாக்குப்பதிவு வந்தால் கடைசி நாள்களில் விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள்.

கேபிள் விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி வாரத்தில் அந்த 12 நிமிடத்துக்கு எல்லாரும் மோதுவதால்தான் விலை ஏறுகிறது. முன்கூட்டியே பேசி முடித்தவருக்கு மட்டுமே பழைய விலை.

ரேட் கார்டு வாங்குவது

வாய்மொழி விலையை ஏற்காதீர்கள். ஆபரேட்டரின் லெட்டர்பேடில், தேதி, கையெழுத்து, முத்திரையோடு ரேட் கார்டு கேளுங்கள். அதில் வினாடிக்கு எவ்வளவு, பிரைம் டைம் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, நேரம் குறிக்காத ஸ்பாட் விலை, ஸ்க்ரோலிங் ஒரு நாளுக்கு எவ்வளவு, நேரலை மணிக்கு எவ்வளவு, தயாரிப்புச் செலவு தனியா சேர்த்தா, ஜிஎஸ்டி உண்டா என்பவை இருக்க வேண்டும். விளம்பர நேர விற்பனைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சிறிய ஆபரேட்டர் பலர் ஜிஎஸ்டி பதிவே செய்திருக்க மாட்டார்கள். பதிவு எண் இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது, பில்லில் அந்த வரி இருந்தால் எண்ணைக் கேளுங்கள்.

அடுத்து, அந்தச் சேனலில் நகைக்கடையோ ஜவுளிக்கடையோ மாத ஒப்பந்தத்தில் என்ன கொடுக்கிறது என்று விசாரியுங்கள். சட்ட உரிமையாக அந்த விலையைக் கோர முடியாது. ஆனால் பேரம் பேச அதைவிட நல்ல பிடி இல்லை. 'எல்லா வேட்பாளருக்கும் இதே கட்டணம்' என்று ஒரு வரியை ரேட் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தருகிற ஆபரேட்டருக்கும் அது பாதுகாப்பு, நாளை யாரும் அவரைச் சார்புக்காரர் என்று சொல்ல முடியாது.

இதோடு மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியர் வெளியிடும் விலைப்பட்டியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். பந்தல், நாற்காலி, வாகனம், சாப்பாடு என்று பிரச்சாரப் பொருள் ஒவ்வொன்றுக்கும் விலை குறித்து, கட்சிகளைக் கூட்டிப் பேசி வெளியிடுவார்கள். பட்டியல் விலை உங்கள் ஊர் நிலவரத்தைவிட அதிகம் என்றால் அந்தக் கூட்டத்திலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். சுயேச்சைகள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைத் தவறவிட்டு, பிறகு பில்லுக்கும் பட்டியலுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்படி மாட்டுவார்கள் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் கற்பனை, கணக்கு முறை உண்மை. 20 வினாடி ஸ்பாட், ஒரு நாளுக்கு 12, மொத்தம் 14 நாள்: 168 ஸ்பாட். ஒரு ஸ்பாட் 150 ரூபாய் என்றால் 25,200. ஜிஎஸ்டி 4,536. ஆக 29,736 ரூபாய். இதே ஸ்பாட்டுக்குப் பட்டியல் விலை 250 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 42,000, ஜிஎஸ்டி 7,560, ஆக 49,560. செலவினக் கண்காணிப்புக் குழு தன் நிழல் பதிவேட்டில் (உங்கள் செலவைக் குழு தானே எழுதி வைக்கும் பதிவேடு) 49,560 எழுதும், நீங்கள் 29,736 காட்டுவீர்கள். 19,824 ரூபாய் வித்தியாசத்துக்கு நோட்டீஸ் வரும். அப்போது தேதியிட்ட ரேட் கார்டும் வங்கி வழிப் பணமும் கையில் இருந்தால் பதில் சொல்லலாம். இல்லையென்றால் அவர்கள் எண்தான் நிற்கும்.

போனஸ் ஸ்பாட் இன்னொரு குழி. '168 வாங்கினால் 40 இலவசம்' என்பார்கள். அந்த 40-உம் திரையில் ஓடும், கண்காணிப்புக் குழு எண்ணும். பில்லில் 208 ஸ்பாட் என்றே எழுதச் சொல்லி, தள்ளுபடியைத் தனி வரியில் காட்டச் சொல்லுங்கள். வேட்பாளரோ கட்சியோ நடத்தும் சேனல் என்றால் பேச்சே இல்லை: பணம் கைமாறாவிட்டாலும் அந்தச் சேனலின் வழக்கமான ரேட் கார்டு விலையைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணத்தின் பாதை

வேட்புமனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாகவே தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். மனுத் தாக்கல் நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளும் சேர்த்து, ஆகும் செலவெல்லாம் வரம்புக்குள் வரும். முன்னாடியே எடுத்து வைத்த விளம்பரப் படத்தை மனுத் தாக்கலுக்குப் பிறகு ஓட்டினால் அதன் தயாரிப்புச் செலவும் சேரும்.

தேர்தல் முழுவதிலும் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. முன்பு 20,000 ஆக இருந்ததை 2018 நவம்பரில் குறைத்தார்கள். ஆனால் விளம்பரத்துக்கு இந்த 10,000 சலுகையும் கிடையாது. சான்றிதழ் விண்ணப்பத்திலேயே பணம் முழுவதும் காசோலை அல்லது டிமாண்ட் டிராஃப்ட் வழியாகத்தான் என்று உறுதி எழுதிக் கொடுக்கிறீர்கள். ஆகவே 2,000 ரூபாய் ஸ்க்ரோலிங்குக்கும் காசோலைதான்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அடிக்கடி நடப்பது: வளைகுடாவில் இருக்கும் அன்பர் ஒருவர் ஆபரேட்டர் கணக்குக்கே நேராகப் பணம் போட்டு 'நம்ம ஆளுக்கு ஒரு மாசம் ஓட்டுங்க' என்பார். மீனவர் சங்கமோ ஊர்க்கமிட்டியோ கொடுப்பதும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வது பாரதிய நியாய சம்ஹிதா 176-ஆவது பிரிவின்படி குற்றம், 10,000 ரூபாய் வரை அபராதம். அனுமதி கொடுத்தால் செலவு உங்கள் கணக்கில் ஏறும். உதவ நினைப்பவர் வேட்பாளரின் தேர்தல் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பட்டும், விளம்பரத்தை வேட்பாளரே கொடுக்கட்டும்.

எம்சிஎம்சி (ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு) சான்றிதழ்

2004-இல் ஜெமினி டிவி வழக்கில், ஏப்ரல் 13 அன்று, உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுதான் இதன் வேர். தொலைக்காட்சியிலும் கேபிளிலும் வரும் அரசியல் விளம்பரம் எதுவும் முன்சான்றிதழ் இல்லாமல் ஓடக் கூடாது. பிற்பாடு வானொலி, திரையரங்கு, சமூக ஊடகம், மொத்தக் குறுஞ்செய்தி, குரல் செய்தி எல்லாமே இதற்குள் வந்தன. வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் வரும் செய்தித்தாள் விளம்பரத்துக்கும் சான்றிதழ் தேவை.

வேட்பாளர் விண்ணப்பிக்க வேண்டியது மாவட்ட அளவிலான ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம். ஒளிபரப்பு தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 3 நாள் முன்பு கொடுக்க வேண்டும். பதிவு பெறாத கட்சி, பிற அமைப்பு, தனிநபர் என்றால் 7 நாள். ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டத்திலும் திருச்சுழி விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கின்றன. மக்களவை வேட்பாளர்கள் சான்றிதழ் நகலை அந்த ஊர் ஆபரேட்டர்களுக்கும், அந்தந்த ஊர்க் கண்காணிப்புக் குழுவுக்கும் முன்பே கொடுத்துவிட்டால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

விண்ணப்பத்தோடு விளம்பரத்தின் மின்னணுப் பிரதி இரண்டு, அதில் பேசும், எழுத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் அடங்கிய சான்றொப்பமிட்ட எழுத்துவடிவம் ஆகியவை வேண்டும். படிவத்தில் தயாரிப்புச் செலவு, எத்தனை முறை ஒளிபரப்பு, ஒவ்வொரு முறைக்கும் என்ன கட்டணம், மொத்தம் எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். கட்டணத்தைப் பற்றி நம் நாட்டு நடைமுறை நேராகக் கேள்வி கேட்கும் இடம் இது ஒன்றுதான். 'சுமார்' என்று போட்டுக் கடந்து போகிறவர்கள், பின்னால் பில் கூடுதலாக வரும்போது இரண்டுக்கும் விளக்கம் தேடுகிறார்கள். ரேட் கார்டு எண்ணை அப்படியே எழுதி, கார்டின் நகலையும் இணையுங்கள்.

நிராகரிப்பு எங்கே வருகிறது என்றால், பெரும்பாலும் படத்தில். இந்தக் கரையில் மீனவர் கைது, கச்சத்தீவு, படகுப் பறிமுதல் பற்றிப் பேசாமல் யாரும் வாக்குக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. பிரச்சினையைப் பேசுங்கள், ஆனால் பின்னணியில் கடற்படைக் கப்பலையும் சீருடை வீரரையும் காட்டாதீர்கள். பாதுகாப்புப் படையினர் படம் விளம்பரத்தில் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-இலேயே சொல்லி, 2019-இல் மீண்டும் நினைவூட்டியது. உச்சிப்புளியில் கடற்படைத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்கும் ஊரில், படமெடுக்கும்போது அவை சட்டகத்துக்குள் வந்துவிடுவது எளிது. கோயில் பிராகாரம், ஏர்வாடி தர்கா, தேவாலயம் முன்னால் நின்று வாக்குக் கேட்கும் காட்சியும் வேண்டாம், வழிபாட்டிடத்தைப் பிரச்சார மேடையாக்குவது நடத்தை விதிமீறல். குழந்தைகளைப் பிரச்சாரத்தில் காட்டுவதற்கும் தடை இருக்கிறது.

நிராகரித்தால் மாநில அளவிலான குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நாள் கணக்கைப் பாருங்கள்: மேல்முறையீட்டில் வென்று வருவதைவிட, சிக்கலான இரண்டு காட்சியை வெட்டி மறுபடி கொடுப்பது சீக்கிரம் முடியும்.

சுயேச்சைகளுக்கு நாள் இன்னும் குறைவு. சின்னம் கிடைப்பது வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 30 வாபஸ் கடைசி நாள், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. மார்ச் 31 விண்ணப்பித்திருந்தால் ஏப்ரல் 3 முதல் 17 மாலை வரை, பதினைந்து நாள்கூட முழுசாக இல்லை. அந்தத் தேர்தலில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ராமநாதபுரம் தொகுதியில் பலாப்பழச் சின்னத்தில் நிற்க, அதே பெயரில் வேறு வேட்பாளர்களும் நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெயரைவிடச் சின்னம்தான் பேச வேண்டும். ஆகவே படத்தின் முதல் 15 வினாடியை முன்பே முடித்து, கடைசி 5 வினாடியை மட்டும் காலியாக வையுங்கள். மனுவில் கேட்ட மூன்று சின்னத்துக்கும் தனித்தனி முடிவுக் காட்சி செய்து வைத்தால், சின்னம் அறிவித்த இரவே ஒட்டி, மறுநாள் காலையில் விண்ணப்பத்தோடு போகலாம். சான்றிதழ் வாங்கிய பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் அது வேறு விளம்பரம், வேறு விண்ணப்பம்.

ஓட விடுவதும் நிறுத்துவதும்

ஆபரேட்டருக்கு ரிலீஸ் ஆர்டர் எழுத்தில் கொடுங்கள்: சான்றிதழ் எண், ஸ்பாட் நீளம், நாள்வாரி எண்ணிக்கை, ஒரு ஸ்பாட் விலை, நிறுத்த வேண்டிய தேதியும் மணியும். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் ஆபரேட்டரின் கருவிகளையே பறிமுதல் செய்யக் கேபிள் சட்டத்தில் இடமுண்டு என்பதால், நல்ல ஆபரேட்டர் நகல் வாங்காமல் ஓட்டமாட்டார். ஒவ்வொரு வாரமும் எந்தத் தேதியில் எந்த மணிக்கு ஓடியது என்ற ஒளிபரப்புச் சான்று வாங்குங்கள். மின்வெட்டால் ஓடாத ஸ்பாட்டுக்குப் பணம் கொடுக்காமல் இருக்க இதுதான் ஆதாரம்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 126-ஆவது பிரிவின்படி திரையில் பிரச்சாரம் கூடாது, மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடியும் என்றால், இரண்டு நாள் முன்பு மாலை 6-க்கு நிறுத்த வேண்டும். ஸ்பாட்டை நிறுத்திவிட்டு ஸ்க்ரோலிங்கை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கணினியில் ஓடும். ஐந்தரை மணிக்கே ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு செய்தி போல் ஓடியதாக எம்சிஎம்சி குழு கருதினால், ஒளிபரப்பான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் நோட்டீஸ் தருவார். 48 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் குழுவின் முடிவே இறுதி. உத்தேசச் செலவு அரசு விளம்பரக் கட்டணப்படி உங்கள் கணக்கில் ஏறும்.

கணக்கு

தினசரிக் கணக்குப் பதிவேட்டில் மூன்று பகுதி: வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. விளம்பர பில் வந்த அன்றே வெள்ளையிலும், காசோலை கொடுத்த அன்றே மஞ்சளிலும் எழுதுங்கள். பிரச்சார காலத்தில் குறைந்தது மூன்று முறை ஆய்வு நடக்கும். ஆய்வுக்குப் போகும்போது நிழல் பதிவேட்டில் உங்கள் பக்கத்தைப் பார்த்து, ஸ்பாட் எண்ணிக்கை சரியா என்று அங்கேயே ஒப்பிடுங்கள்.

முடிவு அறிவித்த 26-ஆம் நாள் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டம். 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ஊடக விளம்பரம் வருவது நான்காம் அட்டவணையில், சொந்தச் சேனல் என்றால் 4அ-வில். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் அதே சட்டத்தின் 10அ பிரிவின்படி மூன்று ஆண்டு தகுதியிழப்பு, இதில் சிக்குபவர்களில் டெபாசிட் இழந்து ஊருக்குப் போய்விட்ட சுயேச்சைகள் அதிகம். முடிவு வந்த 45 நாள் வரை தேர்தல் வழக்குத் தொடரலாம் என்பதால், ரேட் கார்டையும் ஒளிபரப்புச் சான்றையும் அதுவரை கட்டாயம் வைத்திருங்கள்.

கொடுத்த கணக்கு ரகசியம் அல்ல. தேர்தல் நடத்தை விதிகள் 1961-இன் 88-ஆவது விதியின்படி ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் எந்த வேட்பாளரின் கணக்கையும் பார்க்கலாம், தனிக் கட்டணத்தில் சான்றொப்ப நகலும் பெறலாம். உங்களுக்கு ஒரு விலை சொன்ன சேனல் மற்றவருக்கு எவ்வளவுக்கு ஓட்டியது என்பது அந்த நான்காம் அட்டவணையில் இருக்கும். தொகுதியில் நின்ற எல்லாருடைய அட்டவணையையும் எடுத்து, ஒரு ஸ்பாட் விலையை ஒரே தாளில் எழுதி வையுங்கள். அடுத்த தேர்தலுக்கு ரேட் கார்டு கேட்கப் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியது அந்தத் தாள்.